தோணுனா திரும்புவான்: ஆட்டிசத்தை முன்னறியும் கேள்வித்தாளும் அதன் விடுபட்ட பாதியும்

கட்டத்துக்குள் அடங்காத பதில்

இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறானா?" என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வருவது குறைவு. "அவனுக்குத் தோணுனா திரும்புவான்" என்பார். பக்கத்தில் இருக்கும் பாட்டி, "டிவில விளம்பரம் வந்தா மட்டும் எங்க இருந்தாலும் ஓடி வந்துருவான். காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று சேர்த்துக்கொள்வார். மருத்துவருக்குத் தேவையான செய்தி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. ஒலி எட்டுகிறது, ஆனால் மனிதக் குரல் அந்தக் குழந்தையை மற்ற ஒலிகளைவிடக் கூடுதலாக ஈர்க்கவில்லை. கேள்வித்தாளிலோ இரண்டே கட்டங்கள். செவிலியர் சற்றுத் தயங்கி 'ஆம்' என்பதில் டிக் போடுகிறார். செய்தி அங்கேயே தொலைகிறது.

இளங்குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள்கள் உண்மையில் எதைக் காண்கின்றன, எதைத் தவறவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதுபற்றி இரண்டு கட்சிகள் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்பது ஒன்று. மேலை நாட்டுக் கேள்விகள் நமக்குப் பொருந்தா என்பது மற்றொன்று. இரண்டும் கேள்விகளின் பட்டியலையே பார்க்கின்றன. கோளாறு பட்டியலில் இருப்பதைவிட, அதைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்துவதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் தரப்பு.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. 'ஸ்கிரீனிங்' நோயறிதல் ஆகாது, சல்லடையில் சலிப்பது. சல்லடையில் தங்குவதெல்லாம் கல் என்று யாரும் சொல்வதில்லை, எடுத்துப் பார்க்க வேண்டியது என்று மட்டுமே பொருள். ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் வரும். புற உலகின் ஒரு விசிறியை, ஒரு சக்கரத்தை, ஓர் ஒலியை மற்றவர்களைவிடக் கூர்மையாகக் கவனிக்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருந்தாத பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

தாய் சொன்ன சாட்சியம்

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பணிபுரிந்த லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இதை ஒத்த சிறுவர்களைப் பற்றி 1920களிலேயே எழுதியிருந்தார். அது நெடுங்காலம் கவனம் பெறவில்லை. கேனரின் கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. தூக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கைக்குழந்தை தன் உடலைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். தோளை உயர்த்தும், கையை நீட்டும். இந்தக் குழந்தைகளிடம் அது இல்லை என்பதைத் தாய்மார் நினைவுகூர்ந்ததாக அவர் பதிவுசெய்கிறார். தொடக்க அறிகுறி பற்றிய முதல் சான்றுகளில் ஒன்று ஆய்வகத்தில் கிடைத்ததன்று. தூக்கிய கைகளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து நடந்தது கசப்பானது. சாட்சி சொன்னவர்களே குற்றவாளிகளாயினர். தாயின் பாசக் குறைவே காரணம் என்ற கருத்து வேரூன்றியது. 'குளிர்பெட்டித் தாய்' என்ற பட்டம் ஒட்டப்பட்டது. 1967இல் வந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அதைப் பரவலாக்கியது. உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே இதை மறுத்து, நரம்பியல் அடிப்படையைத் தேடச் சொல்லியிருந்தார். இந்தப் பழைய கதையை இங்கே நினைவூட்டக் காரணம் இருக்கிறது. கீழே செல்போன் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

இருப்பதைவிட இல்லாதது

பெற்றோர் கவலைப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி: கையை உதறுவது, வட்டமாகச் சுற்றுவது, பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுழற்றுவது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் எடை மிகுந்த அறிகுறிகள், வரவேண்டியது வராமல் இருப்பவை. இல்லாத ஒன்றைக் கவனிப்பது கடினம், அதுவும் முதல் குழந்தையாக இருந்தால்.

1994இல் ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் இருவரும் செய்த எளிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பின்னர் ஆட்டிசம் என்று அறியப்பட்ட 11 குழந்தைகள், வழக்கமான வளர்ச்சியுள்ள 11 குழந்தைகள் ஆகியோரின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். மற்றவர் முகத்தைப் பார்ப்பது, பொருளைக் காட்டுவது, விரல் சுட்டுவது, பெயருக்குத் திரும்புவது ஆகியவற்றிலேயே வேறுபாடு துலங்கியது. கேக்கின் மேல் மெழுகுவத்தி எரிகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள், குழந்தையும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாகத் தோன்றியிராது.

2013இல் வாரன் ஜோன்ஸ், அமி க்ளின் இருவரும் கண்ணசைவைப் பதியும் கருவிகொண்டு இன்னும் பின்னோக்கிச் சென்றார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று அறியப்பட்ட கைக்குழந்தைகள் தொடக்கத்தில் மற்றவர் கண்களைப் பார்க்கவே செய்தன. 2ஆம் மாதத்துக்கும் 6ஆம் மாதத்துக்கும் இடையே அந்தப் பார்வை மெல்லக் குறைந்தது. "பிறந்ததிலிருந்தே கண் பார்க்காது" என்ற பொதுக்கருத்தை இது அசைத்தது. அறிகுறி என்பது ஒரு நாளில் எடுத்த புகைப்படத்தில் சிக்குவதில்லை. காலப்போக்கில் இறங்கும் கோட்டில் தெரிவது. ஒன்றரை வயதுவரை பேசிய ஐந்தாறு சொற்களையும் இழந்துவிடும் குழந்தைகளும் உண்டு. ஒரே நாளில் நிரப்பும் தாள் இந்தச் சரிவைக் காணாது.

விரல் சுட்டுவதிலும் நுட்பமான பிரிவு ஒன்று இருக்கிறது. அலமாரிமேல் உள்ள பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது வேறு. வானில் போகும் விமானத்தைச் சுட்டி, 'பார்த்தாயா' என்று தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. முன்னதில் பொருள் கிடைத்தால் காரியம் முடிந்தது. பின்னதில் கிடைக்க வேண்டிய பொருளே இல்லை; பகிர்வதே நோக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் பின்தங்குவது இரண்டாவது வகை. சிலர் முதல் வகைக்கும் விரல் நீட்டுவதில்லை. பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, அந்தக் கையைக் கதவுத் தாழ்ப்பாள்மேல் வைப்பார்கள். வீட்டார் இதை "கெட்டிக்காரன், காரியத்தை முடிச்சிக்குவான்" என்று மெச்சுவதும் உண்டு. அந்தக் கெட்டிக்காரத்தனமும் உண்மைதான்.

பெயரும் அம்புலியும்

கேள்விகள் மொழிபெயர்ப்பில் என்ன ஆகின்றன? பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வீடுகளில் ஒன்றரை வயதுக் குழந்தையை அதன் பதிவுப் பெயரால் யார் கூப்பிடுகிறார்கள்? கண்ணு, தங்கம், பட்டு, சாமி, குட்டி. அப்பாவுக்கு ஒரு செல்லப்பெயர், ஆச்சிக்கு இன்னொன்று. ஆதார் அட்டைக்காக வைத்த எண்கணிதப் பெயருக்குக் குழந்தை திரும்பாவிட்டால் அது எதையும் நிரூபிப்பதில்லை. "வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அப்படி இப்போது கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் பார்ப்பதே சரியான கேள்வி. பாட்டி கூப்பிடும்போது தட்டையும் கரண்டியால் தட்டினால் குழந்தை எதற்குத் திரும்பியது என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்பார்வை பற்றிய கேள்வியிலும் சிக்கல் உண்டு. பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பது மரியாதை என்று வளர்ந்த சமூகத்தில் இது பொருந்தாது என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அந்த மரியாதை ஐந்தாறு வயதுக்குமேல் கற்பது. பால் குடிக்கும்போது தாயின் முகத்தைப் பார்க்கும் குழந்தை எந்த மரியாதையையும் அறியாது.

நம் மரபில் இதற்கு உதவக்கூடிய ஓர் அகராதி இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள்: சப்பாணியில் குழந்தை கைகொட்டுகிறது, முத்தப் பருவத்தில் கேட்டால் முத்தம் தருகிறது, வருகையில் அழைத்தால் வருகிறது, அம்புலியில் தாய் காட்டும் நிலவை அதுவும் பார்க்கிறது. போலச் செய்தல், கேட்டதற்கு இணங்கல், அழைப்புக்கு எதிர்வினை, கவனத்தைப் பகிர்தல் என்று இன்றைய கேள்வித்தாள் தேடுபவை இவையே. எந்தப் பருவம் எந்த மாதம் என்பதில் பாட்டியல் நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. அவை மருத்துவ நூல்களும் அல்ல. 'அன்றே கண்டான் தமிழன்' என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை. குழந்தையின் வளர்ச்சியை, அது தன்னைச் சுற்றியுள்ளோருடன் கொள்ளும் உறவின் படிகளாகப் பார்க்கும் கண் இருந்தது என்பது மட்டும் மெய். 'ஒத்த கவனம்' என்று மொழிபெயர்த்துச் சொன்னால் விழிக்கும் தாய்க்கு, "நிலா காட்டிச் சோறு ஊட்டும்போது உங்க விரலைப் பார்க்கிறானா, நிலாவைப் பார்க்கிறானா, பார்த்துட்டு உங்க முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா?" என்பது உடனே விளங்கும்.

சல்லடையின் கணக்கு

1992இல் சைமன் பேரன்-கோஹனும் சகாக்களும் பிரிட்டனில் 'சாட்' என்ற கருவியை வெளியிட்டனர். 18 மாதக் குழந்தைக்கானது. பெற்றோரிடம் 9 கேள்விகள். அத்துடன் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் தாமே பார்த்துக் குறிக்க வேண்டிய 5 அம்சங்கள். தொடக்க முடிவுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து, 2000இல் வெளியிட்ட கணக்கு கண்ணைத் திறந்தது. குழந்தைப் பருவ ஆட்டிசம் என்று பின்னர் அறியப்பட்ட 50 பேரில் 19 பேரை மட்டுமே 18ஆம் மாதச் சோதனை பிடித்திருந்தது. 38 விழுக்காடு.

அமெரிக்காவில் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் முறை பரவலாக இல்லை. ஆகவே 2001இல் டயானா ராபின்ஸ், டெபோரா ஃபைன், மரியான் பார்ட்டன் முதலானோர் உருவாக்கிய 'எம்-சாட்', பணியாளர் பார்த்துக் குறிக்கும் பகுதியைக் கைவிட்டு, பெற்றோர் கேள்விகளை 23 ஆக்கியது. இன்று உலகெங்கும் பரவியிருப்பது அதன் திருத்திய வடிவம்: 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு, 20 கேள்விகள். இருபதில் பதினேழுக்கு 'இல்லை' என்பது கவலைக்குரிய பதில். மூன்றுக்கு மட்டும் 'ஆம்'. காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டதுண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைக்கிறதா, அன்றாட ஓசைகளால் கலங்குகிறதா என்பவை அந்த மூன்று. மருத்துவமனைத் தாளில் எல்லாவற்றுக்கும் மரியாதையாக 'ஆம்' போட்டுவிடும் பழக்கமுள்ள ஊரில், இந்த மூன்றினாலேயே மதிப்பெண் 3ஐத் தொட்டுவிடும்; 3 முதல் 7 வரை நடுத்தர வாய்ப்பு என்று கணக்கு.

இதைக் கருவியை உருவாக்கியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களுக்கு இரண்டாம் கட்டமாக ஒரு நேர்காணலை இணைத்தார்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு, 'எப்படி, எப்போது, ஓர் உதாரணம் சொல்லுங்கள்' என்று கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். 2014இல் வெளியான, சுமார் 16,000 குழந்தைகளை உள்ளடக்கிய ஆய்வில், இரண்டு கட்டத்திலும் சிக்கிய குழந்தைகளில் 47.5 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்தது, 94.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது.

இதை 2019இல் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை வலையமைப்பிலிருந்து வந்த கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றாட மருத்துவப் பணியின் ஊடே, ஏறத்தாழ 26,000 குழந்தைகள். பிடிபட்டவர்கள் ஆட்டிசம் உள்ளோரில் 38.8 விழுக்காடு, சல்லடையில் தங்கியவர்களில் உண்மையில் ஆட்டிசம் இருந்தது 14.6 விழுக்காடு. வருமானம் குறைந்த வீடுகளிலும் வெள்ளையரல்லாத குழந்தைகளிடமும் துல்லியம் மேலும் குறைந்தது. இரண்டாம் கட்ட நேர்காணல் தேவைப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே அது நடந்திருந்தது. 2014 ஆய்வோடு இதை நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. அங்கே மதிப்பீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே கணக்கில் உள்ளனர். ஆயினும் நேர்காணல் கழன்று விழுந்தால் எஞ்சுவது என்ன என்பதை இது உணர்த்துகிறது.

38, 38.8. இரு கண்டங்கள், இரு காலங்கள், வெவ்வேறு கருவிகள், ஏறக்குறைய ஒரே எண். தற்செயலாகவும் இருக்கலாம். பார்த்துக் குறிக்கும் பகுதி இருந்த பிரிட்டன் கருவியும் பெரும்பான்மையைத் தவறவிட்டது என்பதால், நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் வாதிட முடியாது. ஒன்றரை வயதில் சில குழந்தைகளிடம் காண்பதற்கு இன்னும் எதுவும் இல்லை என்பதே பெரும்பகுதி விளக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை 'சரி' என்று வந்த தாள் வாழ்நாள் உறுதிச் சீட்டு ஆகாது.

இலங்கையிலிருந்து ஒரு சான்று

ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக அண்மையது. இலங்கையின் புறநகர்ச் சமூகம் ஒன்றில் 18 முதல் 24 மாதம் வரையிலான 374 குழந்தைகளை, உள்ளூருக்கேற்பத் தழுவிய எம்-சாட் கொண்டு சோதித்தார்கள். மருத்துவ மதிப்பீட்டில் ஆட்டிசம் உறுதியான விகிதம் 93 பேருக்கு ஒருவர். தாய்மார் நிரப்பிய கேள்வித்தாளின் கண்டறியும் திறனோ 25 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவர். நான்கு குழந்தைகளை வைத்து விழுக்காடு பேசுவது சறுக்கும் தரை. ஆனால் அந்தக் குழுவினரின் அடுத்த அடி கவனிக்கத்தக்கது. கேள்விகளை இன்னும் நல்ல மொழியில் எழுத முயல்வதோடு நில்லாமல், படங்களைக் கையிலெடுத்தார்கள். குழந்தைகளின் நடத்தையைக் காட்டும் புகைப்படங்களோடு கூடிய ஒரு கருவியை 2017இல் வெளியிட்டார்கள். சொல்லில் நழுவுவது படத்தில் பிடிபடும் என்ற ஊகம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

'நம் தாய்மார் கவனிப்பதில்லை' என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவுபவர்கள் உண்டு. தமரா டேலி இந்திய நகரங்களில் 95 குடும்பங்களை ஆராய்ந்து 2004இல் எழுதியது அதற்கு எதிர்ச்சான்று. அமெரிக்கப் பெற்றோரை முதலில் கவலைப்படுத்துவது பேச்சுத் தாமதம் என்றால், இந்தியப் பெற்றோர் முதலில் கண்டது குழந்தை பிறரோடு ஒட்டாமல் இருப்பதை. கண்டது சற்றுத் தாமதமாகத்தான். ஆனால் கண்டது சரியான இடத்தை. பேச்சுத் தாமதத்துக்கு நம்மிடம் ஆயத்தமான சமாதானங்கள் இருக்கின்றன: ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான். கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேரோடும் ஒட்டாத குழந்தைக்கு அப்படியொரு பழமொழி இல்லை.

எதிர்வாதங்கள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வேண்டும் என்கிறது. அதே நாட்டின் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு 2016இல், யாரும் கவலை தெரிவிக்காத குழந்தைகளைச் சோதிப்பதன் நன்மையைத் தீர்மானிக்கச் சான்று போதாது என்றது. பிரிட்டனும் பொதுச் சோதனையைப் பரிந்துரைக்கவில்லை. வல்லுநர்களே உடன்படாத இடம் இது.

இதைவிடக் கூரிய எதிர்வாதம்: கண்டறிந்து என்ன செய்யப் போகிறோம்? பயிற்சி மையம் எட்டாத ஊரில் ஒரு தாயிடம் 'சந்தேகம்' என்ற சொல்லை மட்டும் கொடுத்தனுப்புவது கொடுமை. இதற்கு முழுப் பதில் இல்லை. ஒரு பகுதி இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவப் பட்டம் இல்லாத பணியாளர்களே வீடு சென்று பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். குழந்தையின் போக்கில் சேர்ந்துகொள்ளும் பெற்றோரின் திறனும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. கவனத்தைப் பகிரும் நேரம் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இந்தியாவில் 2018இல் வெளியான, ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளை உள்ளடக்கிய ஆய்வு ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்கிறது. அந்த எண்ணிக்கையை நிபுணர்களால் மட்டும் ஒருபோதும் எட்ட முடியாது.

இனி செல்போன். இன்று எந்த மருத்துவமனை வாசலிலும் கேட்கும் தீர்ப்பு, "போனக் குடுத்துக் குடுத்துத்தான் இப்படி ஆயிடுச்சு." திரையோடு கழியும் நேரம், பேச்சோடும் விளையாட்டோடும் கழிந்திருக்க வேண்டிய நேரம்; அதைக் குறைக்கச் சொல்வது சரி. திரை ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. எவரோடும் ஒட்டாத குழந்தை திரையோடு ஒட்டிக்கொள்வதும் நடக்கும். எது முந்தியது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. குளிர்பெட்டித் தாய் போய், செல்போன் தாய் வந்திருக்கிறாள். விளைவும் அதேதான்: குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த முறை உண்மையைக் குறைத்தே சொல்வார்.

புதன்கிழமை, அரை மணி நேரம்

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செல்ல வேண்டும். ஊனச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோல் 40 அம்சங்கள் கொண்டது. ஊனத்தின் அளவை மதிப்பிட அது உதவும், ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அதற்கு வேலையில்லை. அந்த வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வந்துசேரும் இடம் ஒன்றே ஒன்று: ஊசியறை. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பூசியின் முதல் ஊக்கத் தவணையும் 16 முதல் 24 மாதங்களுக்குள் போடப்படுகின்றன. எம்-சாட்டின் வயது வரம்புக்குள் அது அப்படியே அடங்குகிறது.

இந்தப் பொருத்தத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அறிகுறிகள் வெளித்தெரியும் வயதும் ஊசி போடும் வயதும் ஒன்றாக இருப்பதால்தான், 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரையை உலகம் அவ்வளவு எளிதாக நம்பியது. 2010இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெரிய ஆய்வுகள் எதுவும் அந்தத் தொடர்பைக் காணவில்லை. ஊசியறையில் ஆட்டிசம் பற்றிப் பேசினால் அந்த அச்சம் மீண்டும் கிளம்பாதா என்று கேட்கலாம். கிளம்பலாம். ஊசி போடுவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டால் அந்த ஆபத்து கொஞ்சம் குறையும்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். தாயும் பாட்டியும் பெஞ்சில் இருப்பார்கள், குழந்தை அழுது ஓய்ந்திருக்கும். ஊசிக்கு முன் தொடங்கிய பேச்சைத் தொடர அதுவே நேரம். பிரிட்டன் கருவி எதிர்பார்த்த, அமெரிக்கக் கருவி இழந்த அந்த வீடு தேடி வரும் பணியாளர் இங்கே இருக்கிறார். கிராம சுகாதார செவிலியர் என்று பெயர். அவருக்கு அந்த நாளில் நிரப்ப வேண்டிய பதிவேடுகள் ஏராளம், குளிர்ப்பெட்டியில் எண்ணிக் காட்ட வேண்டிய குப்பிகள், வராத குழந்தைகளின் பட்டியல். இன்னொரு தாளை அவர் கையில் திணித்தால் இருபது கேள்விக்கும் வரிசையாக டிக் விழும். தாளைக் குறைத்து, பெயர், விரல் சுட்டல், போலச் செய்தல், இழந்த சொற்கள் என்ற நான்கை மட்டும் பேச்சாகக் கேட்கச் சொல்லலாம். காது கேட்கிறதா என்ற ஐயம் எழுந்தால் முதலில் 'பெரா' எனும் செவித்திறன் சோதனைக்கு அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து அதே குழந்தையிடம் அதே நான்கையும் மறுபடி பார்க்கலாம். இது எத்தனை பேரைப் பிடிக்கும், எத்தனை பேரை வீணாக அலைக்கழிக்கும் என்பதை ஒரு வட்டாரத்திலாவது செய்து பார்த்தே சொல்ல முடியும். தாய் "தோணுனா திரும்புவான்" என்று சொன்னால், செவிலியர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "எப்பெல்லாம் தோணும்?"